பைன் ஊசியும் பிச்சிக் கொடியும்

மூன்று வருஷம் அந்தப் பைன் மரத்து ஊசி இலையைப் பெருக்கியிருக்கிறேன். ஐந்து மணிக்கு எழுந்து, பல் தேய்த்து, காப்பிகூடக் குடிக்காமல் முற்றத்தில் இறங்கினால் ஆறு மணிவரை அதுதான் வேலை. பெருக்கி முடித்து நிமிரும்போது இடுப்பு தனியாகக் கழன்று வந்துவிடும்போல இருக்கும். திரும்பிப் பார்த்தால், பெருக்கிய இடத்திலேயே புதிதாகப் பத்து ஊசி விழுந்து கிடக்கும். "சனியனே, உனக்கு வேற வேலையே கிடையாதா?" என்று மரத்தைப் பார்த்து வாய்விட்டே திட்டுவேன். எதிர்வீட்டுச் சேச்சி கேட்டின் பக்கம் நின்று சிரிப்பாள். சிரிக்கட்டும். பெருக்குகிறவளுக்குத்தானே தெரியும்.

திருவனந்தபுரத்தில் பைன் மரம் ஏது என்று யாராயிருந்தாலும் கேட்பார்கள். அடுத்த வீட்டு சார் கொண்டுவந்தது. கல்லாறுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் இருந்துவிட்டு, ரிட்டயராகி இறங்கும்போது இரண்டு பைன் கன்றுகளை ஜீப்பில் வைத்துக் கொண்டுவந்தாராம். இந்த வேக்காட்டில் அது பிழைக்காது என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்று பிழைக்கவில்லை. இன்னொன்று மாடிக்கு மேலே வளர்ந்து, எங்கள் மதிலைத் தாண்டிக் கிளையை நீட்டிக்கொண்டு நின்றது. நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோதே அது பெரிய மரம்.

நாங்கள் என்றால் நானும் அக்காவும். இரண்டு பேரும் பிறந்து வளர்ந்தது கிழக்கேகோட்டையில், கோயிலை ஒட்டிய தெருவில். அந்த வீடு பாகமாகி விலைக்குப் போன பிறகு, நெடுமங்காடு போகிற ரோட்டில் ஒரு சந்துக்குள் இந்தச் சின்ன வீட்டை வாங்கினோம். அக்காவின் கணவர், அத்திம்பேர், அதற்கு முன்பே காலமாகிவிட்டார். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அது வேறு கதை. நான் ஒரு பள்ளிக்கூட லைப்ரரியில் வேலை பார்த்தவள். அக்கா சர்க்கார் ஆபீஸில் பெரிய பதவியில் இருந்தவள். அவள் நடந்து வருகிற செருப்புச் சத்தம் கேட்டால் ஃபைலெல்லாம் தானாக நகரும் என்பார்கள். என்னைவிட ஆறு வயது பெரியவள். என்னை அதட்டாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

அப்படிப்பட்டவள் ஒரு கர்க்கடக மாதத்து, அதாவது ஆடி மாதத்துக் காலையில், மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது, காப்பி டம்ளரைக் கையிலிருந்து நழுவவிட்டாள். "என்னக்கா, டம்ளரைப் போட்டுட்டே?" என்று நான் கேட்டதற்கு அவள் சொன்ன பதில் வார்த்தையாகவே வரவில்லை. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். பேச்சு ஒரு மாதத்தில் குழறிக் குழறித் திரும்பி வந்தது. கால் மூன்று மாதத்தில் வந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலது கை மட்டும் வரவில்லை. மடியில் தனியாகக் கிடந்தது.

வீட்டுக்கு வந்து எக்சர்ஸைஸ் சொல்லிக்கொடுத்த பெண் என்னிடம் தனியாகச் சொன்னாள். "மாமி, தினமும் ரெண்டு விரலாலே எதையாவது எடுக்கச் சொல்லணும், கேட்டோ. பட்டன், பட்டாணி, எதுவானாலும் சரி. விட்டுட்டா கை அப்படியே மடங்கிப் போயிடும். பின்னே நிவர்த்தியில்லா." அப்புறம் வழியே இல்லை என்ற அந்தக் கடைசி வார்த்தை என் வயிற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. அக்காவின் கை மடங்கக் கூடாது. அதற்கப்புறம் எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

பட்டனையும் பட்டாணியையும் அக்கா தொடவில்லை. "நான் என்ன பால்வாடிக் குழந்தையா?" என்று தட்டோடு தள்ளிவிட்டாள். அப்போதுதான் எனக்குப் பிச்சி ஞாபகம் வந்தது. மதில் ஓரத்தில் கம்பி கட்டிப் படரவிட்டிருந்த பிச்சிக் கொடிகள் மூன்று, இரண்டு நந்தியாவட்டை. விடியற்காலையில் பிச்சி மொட்டைப் பறித்து, ஈரத் துணியில் வைத்து, வாழைநாரோடு அவள் மடியில் கொண்டுபோய் வைத்தேன். இடது கையால் நாரைப் பிடித்து, வலது கை விரலால் மொட்டை எடுக்க வேண்டும். முதல் நாள் ஒரு மொட்டை எடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. எடுத்துவிட்டாள். நான் உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நாள் என்பது பிச்சி மொட்டால் தொடங்கிற்று. ஐம்பது மொட்டு, அறுபது மொட்டு கிடைக்கும். அக்கா ஒன்பது மணிக்கு உட்கார்ந்தால் பதினோரு மணிவரை கட்டுவாள். கோணலும் மாணலுமாக ஒரு முழம் சரம் வரும். அதைச் சாமி படத்துக்குப் போடுவேன். ஆறு மாதத்தில் ஸ்பூனைப் பிடித்து ரசஞ்சாதம் சாப்பிடுகிற அளவுக்குக் கை வந்தது. கடையில் பூ வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வாங்கிப் பார்த்தேன். ஐஸில் வைத்த பூ, தொட்டால் காம்பு ஒடிந்துவிடும். அந்தக் கைக்கு நம் வீட்டுக் கொடியில் அன்றன்று பறித்த விறைப்பான மொட்டுதான் சரிப்பட்டது.

இரண்டாம் வருஷம் கொடி சோர்ந்தது. அறுபது மொட்டு நாற்பதாயிற்று, நாற்பது இருபதாயிற்று. இலை சிறுத்து, மஞ்சளித்து, நுனி கருகியது. நந்தியாவட்டை ஒன்று நின்றபடியே காய்ந்தது. சாணி போட்டேன், கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்து ஊற்றினேன், மீன் கழுவின தண்ணி நல்லது என்று எதிர்வீட்டுச் சேச்சி சொன்னாள், எங்கள் வீட்டில் அதற்கு எங்கே போவேன்? ஒன்றும் கேட்கவில்லை. மொட்டு குறையக் குறைய அக்காவின் விரல் மடங்குவதுபோலவே எனக்குத் தோன்றும். காலையில் அவள் தூங்கும்போது விரலைப் பிரித்துப் பிரித்துப் பார்ப்பேன்.

கொடி ஏன் வாடுகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த சமயத்தில் மதுரையில் இருக்கிற சித்தி பெண் ஒரு வீடியோ அனுப்பினாள். பைன் ஊசி விழுகிற இடத்தில் மண் புளித்துவிடும், அமிலம் ஏறிவிடும், கீழே ஒரு புல்கூட முளைக்காது என்று ஒருவன் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். எனக்கு அது போதும். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தேன். அது பாட்டுக்கு ஊசியைக் கொட்டிக்கொண்டிருந்தது. ஆக, அக்கா கையை மடக்குகிறது இதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

முன்பும் பெருக்கிக்கொண்டுதான் இருந்தேன். இப்போது வெறியோடு பெருக்கினேன். சாதாரணமாகப் பெருக்கினால் பைன் ஊசி போகாது. மூன்று மூன்றாகச் சேர்ந்து, மண்ணில் குத்திக்கொண்டு கிடக்கும். ஈர்க்குத் துடைப்பத்தை அழுத்திச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கொடியின் அடியிலும் விரலை விட்டு ஒவ்வொன்றாகப் பொறுக்குவேன். பெருக்கி முடித்தால் முற்றம் சிவப்பாக, வழவழவென்று, வரிவரியாகத் துடைப்பத் தடத்தோடு இருக்கும். அதைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் மனசு ஆறும். துடைப்பம் வாங்க ஆரியசாலைக்குப் போவேன். அங்கே கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர் ஒரு நாள் கேட்டே விட்டார். "என்ன மாமி, மாசத்துக்கு ஒரு வாரியலா? வீட்டைப் பெருக்குதியளா, வீதியையே பெருக்குதியளா?" வாயை மூடிக்கொண்டு துடைப்பத்தைக் கொடுங்கோ என்றேன்.

பெருக்காமல் ஒரு நாள் விட்டால் என்ன என்று கேட்டால், அது எங்களால் முடியாது. நாங்கள் வளர்ந்த தெருவில் விடிந்தும் பெருக்காத வாசல் என்றால் உள்ளே சவம் கிடக்கிறது என்று அர்த்தம். எடுத்துக்கொண்டு போகிறவரை துடைப்பத்தைத் தொட மாட்டார்கள். அப்பா போன அன்றும் அம்மா போன அன்றும் எங்கள் வாசல் அப்படிக் கிடந்தது. பால்காரன் அதைப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்து சைக்கிளை விட்டு இறங்கினான். சீக்காளி இருக்கிற வீட்டில் ஒரு நாளாவது அந்தக் கோலத்தில் முற்றத்தை விடுவேனா? எனக்கு நூற்றிரண்டு டிகிரி ஜுரம் அடித்தபோதும் பெருக்கினேன். வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழையில் குடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டும் பெருக்கினேன். அக்கா இருக்கிறாள் என்று தினமும் ஊருக்குச் சொல்கிற மாதிரி.

ஒரு நாள் பறித்தது ஒன்பதே மொட்டு. அக்கா அரைமணியில் கட்டி முடித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அன்று சாயங்காலமே அடுத்த வீட்டு சாரிடம் போனேன். போகும்போது சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். அவர் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி ஊசி மெத்தையாகக் கிடந்தது. அவர் பக்கத்துத் தெச்சி, அதுதான் இட்லிப்பூச் செடி, சிவப்பாகப் பூத்துத் தள்ளியிருந்தது. அது அப்போது என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. தெச்சிக்கு என்ன, எருமை மாதிரி எதையும் தாங்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமி வரணும், எந்தா விசேஷம்?" என்றார். மலையில் தமிழ்க் கூலியாட்களோடு இருந்தவர், ஆகையால் எங்களிடம் தமிழ்தான் பேசுவார், பாதி மலையாளத்தோடு. நான் வீடியோவைக் காட்டினேன். அமிலம் என்றேன், புளிப்பு என்றேன். அவர் சிரித்தார். "அது சும்மா மாமி. மலையிலே பைன் அடியிலே நான் எத்தனை பூ கண்டதாக்கும்." அவர் சிரித்ததும் எனக்குச் சண்டை போட வரவில்லை. அழுகைதான் வந்தது. அக்காவின் கையைப் பற்றிச் சொன்னேன். பூ இல்லாவிட்டால் கை மடங்கிவிடும், மடங்கினால் நிவர்த்தியில்லை என்று அந்த எக்சர்ஸைஸ் பெண் சொன்னதைச் சொன்னேன். அறுபது வயதைத் தாண்டின பொம்மனாட்டி இன்னொருத்தர் வீட்டு மரத்தடியில் நின்று மூக்கைச் சிந்தினால் அவர்தான் என்ன செய்வார்?

மரத்தை அண்ணாந்து பார்த்தார். அப்புறம், "சரி மாமி. விஷுவுக்கு முன்னாடி வெட்டிடலாம். ஒரு கையைவிட மரம் பெரிசா?" என்றார்.

இரண்டு பேர் வந்து கயிறு கட்டி ஏறி, மேலிருந்து துண்டு துண்டாக இறக்கினார்கள். ஒரு பகல் முழுக்க வாள் சத்தம். தெருவெல்லாம் பிசின் வாசனை. சார் வாசலுக்கே வரவில்லை. அக்கா வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ பாவம்டீ, நன்னா நின்னுண்டிருந்துது," என்றாள். "பாவம் பார்த்தா உன் கை வருமா?" என்று வெடுக்கென்று கேட்டுவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

இனிமேல் ஊசி இல்லை, பூவாகப் பூக்கப்போகிறது என்று காத்திருந்தேன். பைன் இல்லாத முற்றத்தையும் விடாமல் பெருக்கினேன். மூலையில் நிற்கிற பலாவின் இலை, கொடியின் பழுத்த இலை, கிடைத்ததையெல்லாம் பெருக்கினேன். விஷு போயிற்று. மேட மாதத்துச் சித்திரை வெயில், மரத்து நிழல் இல்லாமல், நேராக வந்து கொடிமேல் இறங்கிற்று. எத்தனை குடம் ஊற்றினாலும் அரைமணியில் மண் ஓடாகக் காய்ந்தது. அதன்பின் மழை வந்தது. மழை பெய்யப் பெய்ய முற்றத்திலிருந்து சிவப்புத் தண்ணீர் ஓடையாக வாசல் வழியே போயிற்று. ஆடி பிறப்பதற்குள் மூன்று கொடியில் இரண்டு போய்விட்டன. மிச்சமிருந்த ஒன்றில் மூன்று மொட்டு, நாலு மொட்டு. ஒரு நாள் ஒன்றுமே இல்லை. அக்கா வெறும் நாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சர்க்கார் விவசாய ஆபீஸான கிருஷிபவனுக்குப் போன் பண்ணி, கெஞ்சி, அதட்டி, மறுபடி கெஞ்சி, ஒருவழியாக ஒரு பெண்ணை வரவழைத்தேன். சின்னப் பெண், ஸ்கூட்டரில் வந்தாள். நான் பைன் மரத்துக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். பையிலிருந்து சின்னக் குப்பியையும் காகிதத்தையும் எடுத்து எங்கள் மண்ணைச் சோதித்தாள். மதிலுக்கு அந்தப் பக்கம் போய், மரம் நின்ற இடத்து மண்ணையும் கொண்டுவந்து சோதித்தாள். இரண்டு காகிதமும் ஒரே நிறம். நம்ம நாட்டு மண்ணே புளிப்புத்தான் மாமி, பைன் ஊசியால் ஒன்றும் கூடவில்லை என்றாள்.

அதற்கப்புறம் கொடியின் அடியில் குந்தி உட்கார்ந்தாள். விரலால் தட்டிப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைக் கேட்டாள். "மாமி, இவிடெ மண்ணு எவிடே?"

மண் எங்கே என்று கேட்கிறாள். இதென்ன கேள்வி, கீழே இருப்பதெல்லாம் என்ன என்றேன். என் கையைப் பிடித்துக் கீழே உட்காரவைத்தாள். அப்போதுதான் பார்த்தேன், தினமும் ஒரு மணி நேரம் அங்கேயே குனிந்து நின்றவள். கொடியின் வேர் வெளியே கிடந்தது. ஒரு சாண் வேர், தோலுரிந்து, வெயிலில் வெளிறி. மதிலின் அடியில் அஸ்திவாரக் கல் ஒரு வரி முழுக்க வெளியே தெரிந்தது. வீடு வாங்கியபோது அந்தக் கல் மண்ணுக்குள் இருந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கீழே இருந்தது மண்ணே இல்லை, செங்கல் மாதிரி இறுகிய வெட்டுக்கல். மேல் மண்ணைத் தினமும் துடைப்பத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக் குப்பையோடு கொட்டியிருக்கிறேன். மிச்சத்தை மழை கொண்டுபோயிருக்கிறது. கொடியைக் கொன்றது நான். மரம் ஒரு பாவமும் செய்யவில்லை.

அந்தப் பெண்ணுக்கு என் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் சொன்னாள். ஊசி விழுந்தால் விழட்டும் என்று விட்டிருந்தால் அதுவே மண்ணைப் போர்த்தியிருக்கும், ஈரம் நின்றிருக்கும், மழை மண்ணைக் கரைத்திருக்காது, அடுத்த வீட்டில் தெச்சி பூப்பது அதனால்தான் என்றாள். "இனி அடிக்கண்டா மாமி," என்றாள். இனி பெருக்க வேண்டாம். வேருக்கு மண் போட்டு, மேலே சருகால் மூடி, அப்படியே விட்டுவிடச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மூன்று வருஷத்து இடுப்புவலி முழுக்க அப்போதுதான் ஒன்றாக வந்து இறங்கின மாதிரி இருந்தது.

சாரிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அவர் பக்கத்து ஜன்னலில் வெயிலுக்காகப் பச்சை வலை கட்டியிருந்ததைத் தினமும் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? அன்று சாயங்காலமே போனேன். மரம் நின்ற இடத்தில் அடிக்கட்டைதான் இருந்தது. அவர் அதன் பக்கத்தில் அதே நாற்காலியைப் போட்டு, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மரமில்லை சார், நான்தான், என் துடைப்பம்தான் என்றேன். அவர் கோபப்பட்டு நாலு வார்த்தை திட்டினால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"சாரமில்லா மாமி, போட்டே," என்றார். பரவாயில்லை, போகட்டும் என்று. குரலில் ஒன்றுமே இல்லை. எழுந்துபோய்ப் பின்கட்டிலிருந்து நாலு சாக்கை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு வந்தார். மரம் வெட்டிய அன்று கூட்டி அள்ளிவைத்த பைன் ஊசி. "ஞான் இதை வெறுதே வெச்சிருந்தேன். கொண்டுபோய் வேருக்குப் போடுங்கோ. கை சரியாகட்டும்." என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாக்குகளை மதில்மேல் தூக்கிவைக்க அவரே கைகொடுத்தார்.

ஒரு வண்டி மண் வாங்கி வேருக்குப் போட்டு, அதன்மேல் எந்த ஊசியை மூன்று வருஷம் பொறுக்கிப் பொறுக்கி எறிந்தேனோ அதையே கைநிறைய அள்ளிப் பரப்பினேன். துடைப்பத்தைக் கிணற்றடியில் சாத்தினேன். அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு விழிப்பு வந்துவிட்டது. படுக்கையில் உட்கார்ந்துகொண்டு கையைப் பிசைந்தேன். வெளியே எட்டிப்பார்த்தேன். முற்றம் முழுக்கப் பலா இலை. உள்ளே போய் அக்காவைப் பார்த்தேன், குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மறுபடியும் முற்றம், மறுபடியும் அக்கா. அன்று காலையில் எத்தனை தடவை நடந்தேன் என்று கணக்கில்லை.

நாலாம் நாள் ஏழு மணிக்கு எதிர்வீட்டுச் சேச்சி கேட்டைத் திறந்துகொண்டு வந்தாள். நைட்டிமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு, பெருக்காத முற்றத்தைப் பார்த்தபடி, அடிமேல் அடி வைத்து. "மாமி... அக்காவுக்கு எந்தெங்கிலும்..." என்று, ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவளுக்கு. நான் பதில் சொல்வதற்குள் வராந்தா நாற்காலியிலிருந்து அக்காவின் குரல் குழறிக்கொண்டு வந்தது.

"ஆமாம், நான் நேத்தே போயிட்டேன். உள்ள வா. என் தங்கையைக் காப்பி தரச் சொல்றேன், குடிச்சுட்டு எடுக்கலாம்."

சேச்சி "என்டம்மே!" என்று நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். அப்புறம் சிரிப்பு தாங்கவில்லை. மூன்று பேரும் சிரித்தோம். அவ்வளவு சிரித்து வருஷக்கணக்கிருக்கும். சேச்சி போனதும், "அப்படியெல்லாம் வாயால சொல்லாதேக்கா," என்று கோபித்துக்கொண்டேன். "சொன்னாத்தான் போயிடுவேனாக்கும்?" என்றாள்.

துலா மாதத்தில், நம் ஐப்பசியில், கொடி மெல்லத் தளிர்விட்டது. சருகைத் தள்ளிப் பார்த்தால் கீழே மண் ஈரமாக, கறுப்பாக இருந்தது. மண்புழுகூட ஒன்று நெளிந்தது. ஒரு விடியற்காலையில் எண்ணிப் பறித்தேன், பதினோரு மொட்டு. ஓடிப்போய் நாரை நனைத்து, தட்டில் வைத்து, அக்காவின் கட்டிலுக்கே கொண்டுபோனேன். "அக்கா, இதைப் பார்த்தயா? வந்துடுத்து. எழுந்திரு, கட்டு."

அக்கா கண்ணைத் திறந்து தட்டைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"மதிடீ," என்றாள்.

போதும் என்கிறாள். எனக்குப் புரியவில்லை. என்ன போதும் என்றேன்.

"பூக்கட்டறது மதி. எனக்கு இது ஒரு நாளும் பிடிச்சதில்லை. நீ எதிர்ல நின்னுண்டு என் விரலையே பார்த்துண்டிருப்பாய். உன் மூஞ்சியைப் பார்த்துண்டு எப்படி முடியாதுன்னு சொல்றது? அதுக்காகக் கட்டினேன். இந்தக் கை இவ்வளவுதான், கேட்டயா. ஸ்பூன் பிடிக்கிறது. அது மதி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருந்த அசதியெல்லாம் கோபமாக வந்தது. "உனக்காகத்தானே இத்தனையும்? உன் கைக்காக அந்த மனுஷனோட மரத்தை வெட்டவெச்சேன். முதுகு ஒடியப் பெருக்கினேன். இப்போ மதியாம்!"

"பெருக்கச் சொல்லி நான் கேட்டேனா?" என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. "காலம்பர அஞ்சு மணிக்கு நீ சரக் சரக்குன்னு ஆரம்பிப்பாய். ராத்திரி பூரா தூக்கம் வராம, அப்பத்தான் எனக்குக் கண்ணை அசத்தும். அந்தச் சத்தத்துல முழிச்சுண்டு, ஐயோ இவ என்னால இப்படிச் சாகறாளேன்னு கேட்டுண்டே படுத்திருப்பேன். இந்த ரெண்டு மாசமாத்தான் தூங்கறேன்."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா சுவர்ப்பக்கமாக நகர்ந்து கட்டிலில் இடம் விட்டாள். ஸ்பூனைப் பிடிக்கிற அந்த மூன்று விரலால் என் புடவையைப் பிடித்து இழுத்தாள். இழுப்பில் பலமே இல்லை.

"நீயும் செத்த படுத்துக்கோ," என்றாள்.

படுத்தேன். கண் விழித்தபோது எட்டரை மணி. வெயில் கட்டில்வரை வந்திருந்தது. அக்கா அசையாமல் கிடந்தாள். திக்கென்று மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வந்துகொண்டிருந்தது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அவளை எழுப்பவில்லை. தட்டிலிருந்த மொட்டுகளைக் கட்டாமல், உதிரியாகவே சாமிக்குப் போட்டேன்.